டிராயரில் போட்ட வழக்கு

அக்டோபர் 9, புதன்

ஆர்லீனின் இடது கை இன்று கொஞ்சம் மேலே வந்தது. தோள் வரைக்கும் இல்லை, காபிக் கோப்பை உயரத்துக்கு. கோப்பையைக் கொடுத்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. "நீ போட்ட காபியக் கை எதுக்குப் பிடிக்கணும்" என்றாள். பக்கவாதம் அவள் கையையும் காலையும் எடுத்துக்கொண்டது, வாயை விட்டுவிட்டது.

ராத்திரி பத்து மணி ஆகப்போகும்போது வழக்கம்போல ஆரம்பித்தாள். "கிளம்பு, கிளம்பு. எங்கப்பா மாடியிலேர்ந்து இறங்கி வந்துடுவாரு." கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டு வாசலில் இதையேதான் சொல்லுவாள். அப்போது நிஜமாகவே பயந்தேன், அவள் அப்பாவுக்குக் கை பெரிசு. இப்போது அவர் இல்லை. அவர் இடத்தில் கொரீன் இருக்கிறாள், டவரின் மேனேஜர். டவர் என்பது வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் அரசு உதவியோடு கட்டின ஏழு மாடி. ஊரில் லிஃப்ட் உள்ள குடியிருப்பு அது ஒன்றுதான். விருந்தாளிகள் பத்து மணிக்குள் வெளியே போய்விட வேண்டும். இரவு தங்குவதென்றால் வீட்டு ஒப்பந்த வருஷம் ஒன்றுக்குப் பதினாலு தடவை. அதை நான் கோடை முடிவதற்குள்ளேயே தீர்த்துவிட்டேன். கட்டின பெண்டாட்டி வீட்டில் நான் விருந்தாளி.

கீழே வண்டியில் உட்கார்ந்து அவள் ஜன்னலைப் பார்த்தேன். விளக்கை அணைத்து, ஏற்றி, மறுபடி அணைத்தாள். படுத்துவிட்டாள் என்று அர்த்தம். நானும் டயர் கடை மாடியில் இருக்கும் என் அறைக்கு வந்துவிட்டேன்.

இந்த மாதம் மிஷின் ஓட ஆரம்பிக்கிறதாம். மாநில அரசு பணம் ஒதுக்கிவிட்டது. பழைய குற்றப் பதிவுகளைத் தானாகவே தேடித் தானாகவே அழித்துவிடுமாம். மனு வேண்டாம், வக்கீல் வேண்டாம். என் பதிவு அழிந்ததும் ஆர்லீனின் வீட்டு ஒப்பந்தத்தில் என் பெயரையும் சேர்க்கலாம் என்று கொரீனே சொல்லியிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு அந்தப் பக்கம் நகர்ந்து படு என்று ஆர்லீனிடம் சொல்லிவைத்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

வெர்ன் ஹலூஷ்காவின் பதிவு போய்விட்டது.

நூலகக் கம்ப்யூட்டரில் அவனே பார்த்தானாம். ஒன்றுமில்லையாம், பிறந்த குழந்தை மாதிரி. டயர் கடை வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "பாத்துக்கடா ஹார்லன், நான் பெருமூச்சு விட்டாக்கூட இனிமே சுத்தமான மூச்சு."

எனக்குச் சந்தோஷம்தான். செய்தது இரண்டு பேரும் சேர்ந்து. எஃகு ஆலை பூட்டின மறு வருஷம், வேலி தாண்டிப் போய் உள்ளே கிடந்த செம்புக் கம்பியை உருவினோம். பாதி ஊர் அதைத்தான் செய்துகொண்டிருந்தது, மாட்டினது நாங்கள். அவனைத் திங்கட்கிழமை நிறுத்தினார்கள், வெளியூர் நீதிபதி, ஒன்றரை வருஷம் ஜெயில். என்னைச் செவ்வாய்க்கிழமை நிறுத்தினார்கள், நம் நீதிபதி டன்லெவி. ஒரு நாள் வித்தியாசத்தில் நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

அவனுக்கே போய்விட்டதென்றால் எனக்கும் போயிருக்கும். நாளைக்கு நூலகம்.

அக்டோபர் 19, சனி

போகவில்லை. அப்படியே இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, திருட்டு. நிலை: நிலுவையில்.

எதற்கு நிலுவை? முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

நீதிமன்றத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் திரையைப் பார்த்துவிட்டு, "ஓ, நீங்க டிராயர் ஆளா" என்றாள். பாவம், கேலியாகச் சொல்லவில்லை.

டன்லெவி டிராயரை இந்த மாவட்டத்தில் தெரியாதவர் கிடையாது. முதல் தடவை மாட்டினவன், ஊரில் தெரிந்த குடும்பத்துப் பையன் என்றால் அவர் தீர்ப்பு எழுத மாட்டார். காகிதத்தை மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். என்னிடம் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "உங்கப்பன எனக்குத் தெரியும். நஷ்டத்தக் கட்டு, ஒரு வருஷம் ஒழுங்கா இரு. இந்த டிராயர நான் திறக்க மாட்டேன்."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். திறக்கவே இல்லை. தீர்ப்பும் எழுதவில்லை, தள்ளுபடியும் செய்யவில்லை. அவர் செத்த பிறகு ஒரு பாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள், டிராயரில் இருந்ததைக் கட்டிக் கீழ்த்தளத்தில் வைத்தார்கள். கீழ்த்தளத்துக்கு ஆற்று வெள்ளம் வந்தது. கம்ப்யூட்டரில் மட்டும் என் வழக்கு இன்னும் விசாரணைக்குக் காத்திருக்கிறது.

மிஷின் முடிந்த வழக்கைத்தான் அழிக்குமாம். வெர்னின் வழக்கு முடிந்தது, ஜெயிலுக்குப் போய் முடித்துவிட்டு வந்தான். என்னுடையது முடியவே இல்லை. கொரீனின் விதிப்புத்தகத்தில் நிலுவை என்றால் தண்டனையைவிட மோசம். நாளைக்கே போலீஸ் வந்து கதவைத் தட்டலாம் என்று நினைத்துக்கொள்வார்கள் போல.

இத்தனை வருஷம் டன்லெவிக்காக ஜெபத்தில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 23

ஆர்லீனிடம் சொன்னேன். "அப்ப நான் கட்டிக்கிட்டது விசாரணைக் கைதிய. தெரிஞ்சிருந்தா எங்கப்பாவே சுட்டிருப்பாரு" என்றாள். சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

இலவச சட்ட உதவி அலுவலகத்தில் டெஸ்ஸா என்று ஒரு வக்கீல். சின்ன வயசு, மேஜை முழுக்க ஆறிப்போன டீ. மாவட்டத்தில் டிராயர் ஆட்கள் பல நூறு பேர் இருக்கிறோமாம்.

தள்ளுபடி கேட்டு மனு போடுகிறாள். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "மாநிலம் குடுத்த பணம் மிஷினுக்கு மட்டுந்தான் சார். உங்க வழக்க ஒரு மனுஷன் உக்காந்து பாத்து மூடணும். மனுஷனுக்குப் பணம் ஒதுக்கல." அரசு வக்கீல் தனித்தனியாகச் செய்ய மாட்டாராம். ஒருவனுக்குச் செய்தால் எல்லோரும் வரிசையில் வந்து நிற்பார்களாம். அடுத்த பட்ஜெட்டில் பழைய வழக்குகளை மூட ஆளும் பணமும் வந்தால் மொத்தமாக மூடலாம்.

"வேற வழி?"

"ஒண்ணு இருக்கு. இப்பவே குற்றத்த ஒப்புக்கிட்டா வழக்கு முடிஞ்சுடும். தண்டனை ஒண்ணும் இருக்காது. ஆனா அது இன்னிக்குத் தேதி போட்ட குற்றப் பதிவு. மிஷின் அத ஏழு வருஷம் கழிச்சுத்தான் தொடும்."

ஆர்லீனிடம் இதைச் சொன்னபோது சமர்த்தாகத் தலையாட்டினாள். "ஒப்புக்கோ. ஏழு வருஷம் கழிச்சு வந்து என் பக்கத்துல படுத்துக்கோ. இடம் நிறைய இருக்கும், புல்லு மட்டும் வெட்டணும்."

இனிமேல் இந்த மாதிரி பேசாதே என்று கத்திவிட்டேன். அவளைப் பார்த்து நான் கத்தினது பக்கவாதத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 2, திங்கள்

மான் வேட்டைக் காலம். டயர் கடையில் ஈ காக்கை இல்லை, ஊரே காட்டில் இருக்கிறது. நான் போகவில்லை. நிலுவை உள்ளவன் துப்பாக்கி தொடக்கூடாதாம், இப்போதுதான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷமாகச் சட்ட விரோதமாக மான் தின்றிருக்கிறோம்.

டிசம்பர் 13, வெள்ளி

வெர்னுக்கு டவரில் வீடு கிடைத்துவிட்டது. ஐந்தாம் மாடி. ஆர்லீன் இரண்டாம் மாடி.

சாவிக்கொத்தை என் முகத்துக்கு முன்னால் ஆட்டினான். ஆட்டினவன் சட்டென்று நிறுத்திப் பையில் போட்டுக்கொண்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முப்பது வருஷம் என்னை "டிராயர் புள்ள" என்று கேலி செய்தவன், இன்று கேலி செய்யவில்லை.

டிசம்பர் 15

வெர்னின் யோசனை. விருந்தாளிக் கணக்கு வீட்டுக்கு வீடு தனிதானே? நான் இனிமேல் அவனுடைய விருந்தாளி. ராத்திரி ஐந்தாம் மாடிக்குப் படுக்கப் போவது போலப் போய், படிக்கட்டு வழியாக இரண்டாம் மாடிக்கு இறங்கிவிடுவது. கேட்டதும் ஆர்லீன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "கள்ளக் காதலன் மாதிரி வரப்போறியா. செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கோ."

டிசம்பர் 25

அவள் பக்கத்தில் படுத்தேன். இடது பக்கம் அவளுக்கு உணர்ச்சி கிடையாது, அதனால் வலது பக்கம். குறட்டை விட்டாள். விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு எந்தப் பரிசும் வேண்டாம்.

ஜனவரி 8, புதன்

மாட்டிக்கொண்டேன். படிக்கட்டில் கேமரா இருந்திருக்கிறது.

கொரீன் கெட்டவள் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள். "மிஸ்டர் டீட்ஸ், நான் பாக்காத மாதிரி இருந்துடலாம். ஆனா ஆய்வுக்கு வர்றவங்க பாப்பாங்க. அவங்க எழுதினா போறது உங்க வைஃபோட வீடு. வெர்னோடதும் போகும். அது வேணுமா உங்களுக்கு?"

வேண்டாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் மேஜையிலும் டிராயர் இருக்கிறது, என் விண்ணப்பத்தை அதில்தான் வைத்திருக்கிறாள். பதிவு சுத்தமானால் உடனே எடுக்கிறேன் என்றாள். டிராயரில் மட்டும் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவளுக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 19, புதன்

தலைநகரம் போய் வந்தேன். டெஸ்ஸா காரில் கூட்டிப்போனாள், வழி முழுக்கப் பனி. பட்ஜெட் குழுவின் முன்னால் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம். வெர்னின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன், கை நீளம், உள்ளே மடித்துக் குண்டூசி குத்திவிட்டாள் ஆர்லீன், ஒரே கையால்.

எழுதிக்கொண்டு போனதைப் படிக்கவில்லை. சொன்னேன்: "ஐயா, நீங்க மிஷினுக்குப் பணம் குடுத்தீங்க, நல்லது. என்னோட சேந்து திருடினவன் சுத்தமாயிட்டான், அதுவும் நல்லது, அவன் என் சிநேகிதன். ஆனா எனக்கு இரக்கம் காட்டினாங்க, அதனால நான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன். அந்தக் காகிதத்த மூட ஒரு ஆள் வேணும். என் பொண்டாட்டியோட ஒரே வீட்டுல இருக்கணும், அவ்வளவுதான் நான் கேக்குறது."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு உறுப்பினர் மைக்கை இழுத்து, "நீதிபதி டன்லெவி தங்கமான மனுஷர், அவர் மாதிரி இப்ப யாரு இருக்கா" என்றார். பலரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 7, வெள்ளி

தீயணைப்பு நிலையத்தில் நிதி திரட்டும் தவக்கால மீன் வறுவல் விருந்து. ஆர்லீனைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். வரிசையில் எங்கள் தொகுதி உறுப்பினரும் நின்றுகொண்டிருந்தார், எல்லோர் கையையும் குலுக்கிக்கொண்டு. மிஷினுக்கு மறுபடியும் முழுப் பணமும் வருகிறது என்றார். பழைய வழக்கை மூடுவதற்கு என்று கேட்ட பணம் குழுவிலேயே வெட்டுப்பட்டுவிட்டதாம். "தானியங்கின்னு சொல்லிட்டு ஆளுக்கும் சம்பளம் கேட்டா எப்படின்னு கேக்குறாங்க. ஜூன் வரைக்கும் பேசிப் பாக்கலாம், நம்பிக்கைய விடாதீங்க."

ஆர்லீன் அவருடைய தட்டைப் பார்த்து, "மீன் ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று அவள் கேட்டாள். "உன்ன உள்ள விட மாட்டாங்கன்னா நான் வெளிய வரேன். டயர் கடை மாடி போதும்."

வெளிப்பக்கப் படிக்கட்டு, பாதி துருப்பிடித்தது. குளியலறை கீழே, கடைக்குள். அவளைத் தூக்கிக்கொண்டு ஏற முடியுமா? ஒரு தடவை முடியும். தினமும்? விழுந்தால்? டவர் வீட்டை ஒரு தடவை விட்டால் மறுபடி கிடைக்காது. அங்கே காலையில் உதவிக்கு ஒருத்தி வருகிறாள், குளிக்க உட்காரும் நாற்காலி இருக்கிறது.

"ஜூன் வரைக்கும் பொறு" என்றேன்.

"நீயும் அவங்கள மாதிரியே பேசுற."

"ஜூன்தானே ஆர்லீன்."

பத்து மணிக்கு அவள் அப்பா பேச்சை எடுக்கவில்லை. நானாகவே கிளம்பினேன். விளக்கை மட்டும் அணைத்து ஏற்றினாள்.

மார்ச் 10

இன்று பேசினாள். கோபம் எல்லாம் நேற்றோடு சரி. "சரி, ஜூன். ஆனா அந்தப் படிக்கட்டுக்கு பெயின்ட் அடிச்சு வை."

மார்ச் 29, சனி

படிக்கட்டுக்குப் பெயின்ட் அடித்தேன். பச்சை.

ஏப்ரல் 3

எழுத வரல.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று அடக்கம் முடிந்தது. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றுகிறது.

புதன்கிழமை பத்து மணிக்கு வெளியே வந்தேன். நன்றாகத்தான் இருந்தாள். வெர்னின் மனைவி இருந்த காலத்தில் செய்யும் முட்டைக்கோஸ் நூடுல்ஸ் மாதிரி வெர்ன் ஏதோ செய்து கொண்டுவந்திருந்தான், அதை ஆளாளுக்குத் திட்டினோம். வண்டியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. அணையவில்லை. காத்திருந்தேன். அணையவே இல்லை.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஓடினேன், முன்கதவு பூட்டு, அட்டை காட்டினால்தான் திறக்கும், எனக்கு அட்டை ஏது. வெர்னுக்கு அடித்தேன். அவன் உள்ளாடையோடு இறங்கிப் போயிருக்கிறான். ஆர்லீன் கட்டிலுக்கும் விளக்குக்கும் நடுவில் கீழே கிடந்தாளாம். அவள் கதவின் உதிரிச் சாவி அவனிடம் இருந்தது, அவனிடந்தானே இருக்கும், அவன் அந்தக் கட்டிடத்துக்காரன்.

அவனால் அவளை விட்டுவிட்டு எனக்குக் கதவு திறக்க வர முடியவில்லை. எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். தட்டினேன். கத்தினேன். உள்ளே நடைபாதை விளக்கு எரியுது, தரை பளபளன்னு கிடக்குது, ஒருத்தரும் இல்ல. ஆம்புலன்ஸ்காரங்க வந்து திறந்தப்பதான் அவங்க பின்னாடி ஓடினேன். என்னைக் கீழேயே நிற்கச் சொன்னார்கள். லிஃப்ட் திரும்பி வந்து திறந்தது, அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் மூடவில்லை. ஆனால் அவள் இல்லை. முடிந்துவிட்டது.

வெர்ன் அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தானாம். இன்று கல்லறையில் எல்லோரும் போன பிறகு சொன்னான்.

"ஏதாச்சும் சொன்னாளா?" என்று நான்தான் கேட்டேன்.

"கேட்டா. மணி பத்தாயிடுச்சான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன். இன்னும் நேரம் இருக்குன்னு சொன்னேன்டா."

ஏப்ரல் 20

டயர் கடைக்காரர் பச்சைப் படிக்கட்டு அழகாக இருக்கிறது என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

பட்ஜெட் நேற்று ராத்திரி நிறைவேறிவிட்டது. கடைசி நேரத்தில் பழைய வழக்குகளை மூடும் பணத்தையும் சேர்த்துவிட்டார்களாம். டெஸ்ஸா போன் செய்தாள். சொல்லிவிட்டு அழுதாள். நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. உங்க தப்பு ஒண்ணும் இல்லம்மா, நீங்க நல்லாச் செஞ்சீங்க என்றேன். உண்மைதான்.

ஜூன் என்று சொன்னேன், ஜூனில்தான் வந்திருக்கிறது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை ஆர்லீன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வெளியூரிலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி ஒரே காலையில் டிராயர் முழுவதையும் தள்ளுபடி செய்தாராம். யாரையும் கூப்பிடவில்லை, கடிதமும் கிடையாது. மறுநாள் மிஷின் வந்து துடைத்துவிட்டுப் போயிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. கொரீன் கூப்பிட்டுத்தான் சொன்னாள்.

என் விண்ணப்பத்தை நான் கேட்ட அன்றைக்கே டிராயரிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டாளாம். வாரா வாரம் தேடிப் பார்த்தாளாம். "உங்களுக்குச் சேர வேண்டியது மிஸ்டர் டீட்ஸ். மூணாம் மாடியில ஒரு வீடு காலியா இருக்கு." பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "வீட்ல இருக்கப்போறது..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"ஒருத்தர்" என்றேன்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கூட வந்திருந்த வெர்ன் விடவில்லை. "அந்தக் கூரை ஒழுகுற பொந்துல கெடந்து சாகப்போறியா? உன்ன உள்ள கொண்டுவரணும்னுதான் அவ அவ்வளவு ஆசைப்பட்டா. வா உள்ள." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 8, புதன்

நேற்று குடிவந்தேன். அவள் வீட்டுக்கு நேர் மேலே, அதே அமைப்பு. அவளுடையதில் இப்போது ஒரு கிழவர் இருக்கிறார், டிவியைச் சத்தமாக வைக்கிறார். ஜன்னலிலிருந்து நான் வண்டியை நிறுத்தும் இடம் தெரிகிறது. அவளுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஸ்டீயரிங் மேல் கிடக்கும் கையுறை வரைக்கும் தெரிகிறது.

வெர்ன் வந்தான், சாப்பிட்டோம், அவன் மேலே போனான். நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி ஆகப்போகும்போது எழுந்து டிவியை அணைத்தேன். கோட்டைப் போட்டேன், தொப்பியை எடுத்தேன், கதவைத் திறந்துகொண்டு நடைபாதைக்கு வந்து லிஃப்ட் பொத்தானையும் அமுக்கிவிட்டேன்.

லிஃப்ட் வந்து திறந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அது தானாகவே மூடிக்கொண்டது.